ஆன்டலோப் கேன்யனுக்கு கைடு இல்லாமல் போக முடியாதா?

அம்பத்தூரிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். ஜூலை கடைசியில் மனைவியோடு அமெரிக்காவில், அரிசோனா மாநிலத்து ஃபீனிக்ஸில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போகிறார். அங்கிருந்து ஆன்டலோப் கேன்யன் என்ற ஒடுங்கிய பாறைப் பள்ளத்தாக்கைப் பார்க்க மகன் டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆளுக்கு இத்தனை டாலர் கொடுத்து கைடோடுதான் போக வேண்டுமா, மகன் நன்றாக வண்டி ஓட்டுவான், கூகுள் மேப் இருக்கிறது, நாமே போய்விட்டு வரக்கூடாதா என்பது முதல் கேள்வி. மனைவிக்கு 62 வயது, முட்டி வலி உண்டு, அதன் இரண்டு பகுதிகளில் மேல் கேன்யனா கீழ் கேன்யனா என்பது இரண்டாவது. கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி: "பாலைவனம்தானே, மழை பற்றிக் கவலை வேண்டாம் அல்லவா?"

அந்தக் கடைசி வரிதான் எனக்கு முக்கியமான கேள்வியாகப் படுகிறது. அதற்குப் பதில் சொன்னால் மற்ற இரண்டுக்கும் பாதிப் பதில் கிடைத்துவிடும். நான் சென்னையில் ஒரு கல்லூரியில் முப்பது வருடத்துக்கு மேல் ஜியாலஜி பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். என் மகளும் அரிசோனாவில்தான் இருக்கிறாள். அந்தக் கேன்யனுக்கு மூன்று முறை டிக்கெட் எடுத்து, இரண்டு முறை உள்ளே போயிருக்கிறேன். மூன்றாவது முறை என்ன நடந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் சட்டம் என்ன என்று பார்த்துவிடலாம், அதில் சந்தேகத்துக்கு இடமில்லை. கைடு இல்லாமல் உள்ளே போக முடியாது. அரிசோனாவின் வடக்கு எல்லையில், பேஜ் என்ற சிறிய ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த நிலம் நவஹோ என்ற பழங்குடி மக்களுடையது. நவஹோ நேஷன் என்பது அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா ஆகிய மூன்று மாநிலங்களில் சுமார் 71,000 சதுர கிலோமீட்டர் பரந்திருக்கும் பகுதி. நம் தமிழ்நாட்டில் பாதிக்கும் மேல். அவர்களுக்கென்று அரசும் போலீசும் நீதிமன்றமும் உண்டு. கேன்யனை அவர்களுடைய பூங்காத் துறை நிர்வகிக்கிறது. அனுமதி பெற்ற டூர் நிறுவனங்களின் கைடுகளோடு மட்டுமே மேல் கேன்யனுக்கும் கீழ் கேன்யனுக்கும் அனுப்புகிறார்கள். அமெரிக்கத் தேசியப் பூங்காக்களுக்கான வருடாந்திர பாஸ் உங்கள் மகனிடம் இருக்கலாம், அது இங்கே செல்லாது. ஆகவே மகனின் டிரைவிங் திறமைக்கு இதில் வேலையில்லை.

இப்படி ஒரு கட்டுப்பாடு ஏன் வந்தது என்று தெரிந்துகொண்டு போனால் கொடுக்கும் பணம் வலிக்காது. அதற்கு அந்தப் பாறையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

அது நவஹோ மணற்கல். சுமார் 18 கோடியிலிருந்து 19 கோடி வருடங்களுக்கு முன்னால், டைனோசர்கள் நடமாடிய ஜுராசிக் காலத்தில், அந்த இடம் முழுக்கக் காற்று குவித்த மணல் மேடுகள். இன்றைய சஹாராவில் பார்க்கிற மாதிரி கண்ணுக்கெட்டிய தூரம் வரை மணல். அந்த மேடுகள் ஒன்றின் மேல் ஒன்றாகப் புதைந்து, நிலத்தடி நீரில் கரைந்திருந்த சுண்ணாம்பும் சிலிக்காவும் இடையில் புகுந்து ஒட்டி, பாறையாக இறுகின. சுவரில் நீங்கள் பார்க்கப்போகும் சாய்ந்த கோடுகள், கோலப்பொடியால் இழுத்தது போல வளைந்து வளைந்து போகுமே, அவை அந்தப் பழைய மணல் மேடுகளின் சரிவுகள். காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது என்பதைக்கூட அந்தக் கோடுகளை வைத்துச் சொல்லிவிடலாம். சிவப்பு நிறம் இரும்பு ஆக்சைடு, அதாவது துரு. தூத்துக்குடி, திருச்செந்தூர் பக்கம் தேரிக்காட்டைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். தேரியின் செம்மண்ணும் காற்று குவித்த மணல்தான், அதன் சிவப்புக்கும் மணல் துகள்மேல் படிந்த இரும்புதான் காரணம். தேரி நேற்றுப் பிறந்த குழந்தை, இது மிகப் பழைய கிழவர், அவ்வளவுதான் வித்தியாசம். என் மாணவர்களைத் தேரிக்கு அழைத்துப் போகும்போதெல்லாம், இது இன்னும் பாறையாகாத பாறை என்று சொல்வேன். ஆன்டலோப் கேன்யனில் முதல் முறை கை வைத்தபோது எனக்கு ஞாபகம் வந்தது தேரிதான். விரலில் மணல் ஒட்டிக்கொண்டு வந்தது.

அந்தப் பாறையைக் குடைந்தது எது? இங்கேதான் பலர் தவறுகிறார்கள். காற்றுதான் இப்படி வழவழவென்று செதுக்கியது என்று நினைக்கிறார்கள். காற்றுக்கும் கொஞ்சம் பங்கு உண்டு, ஆனால் பெரிய வேலையைச் செய்தது தண்ணீர். பாறையில் ஏற்கெனவே இருந்த விரிசலுக்குள் காட்டாற்று வெள்ளம் பாய்ந்து, கூடவே கொண்டுவந்த மணலையே உப்புத்தாளாக வைத்துத் தேய்த்துத் தேய்த்து, மேலே சில அடி அகலமும் உள்ளே நூறடிக்கு மேல் ஆழமுமான இடுக்காக்கியது. மேல் கேன்யனின் நவஹோப் பெயருக்கே "பாறைகளின் ஊடே தண்ணீர் ஓடும் இடம்" என்றுதான் பொருள். நாம் போய் போட்டோ எடுக்கும் அந்த அழகான நடைபாதை ஒரு ஓடையின் படுகை. வருடத்தில் பெரும்பாலான நாள் காய்ந்து கிடக்கிறது, அவ்வளவுதான். வெள்ளம் இன்னும் தன் வேலையை முடிக்கவில்லை.

பாலைவனத்தில் வெள்ளமா என்று கேட்பீர்கள். பாலைவனம் என்பதால்தான் வெள்ளம். நம் ஊரில் மழை பெய்தால் கொஞ்சம் மண் குடிக்கும், கொஞ்சம் புல்லும் மரமும் தடுக்கும், ஏரி குளத்தில் கொஞ்சம் நிற்கும். அங்கே பெரும்பகுதி மொட்டைப் பாறை, மேலே மெல்லிய மண். இடி மின்னலோடு அரை மணி நேரம் கொட்டினால் ஏறக்குறைய அத்தனையும் வழிந்து ஓடைக்கு வந்துவிடுகிறது. அரிசோனாவுக்கென்று ஒரு பருவமழை உண்டு. ஜூன் நடுவில் தொடங்கி செப்டம்பர் கடைசி வரை கணக்கு, அதிலும் ஜூலை ஆகஸ்ட் உச்சம். நீங்கள் போகும் ஜூலை கடைசி சரியாக அதன் நடுவில் வருகிறது.

இடுக்குக்குள் என்ன நடக்கும் என்பதைச் சின்னக் கணக்காகப் போட்டுப் பாருங்கள். வெளியே 10 மீட்டர் அகலமான ஓடையில் 30 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் வருகிறது. பார்த்தால் பயமே வராது, முழங்கால்கூட நனையாது. அதே தண்ணீர் ஒரு மீட்டர் அகல இடுக்கில் நுழைந்தால், வேகம் கூடாமல் இருக்கும்பட்சத்தில் 3 மீட்டர் உயரம் எழ வேண்டும். நடைமுறையில் வேகமும் கூடும், அதனால் உயரம் அதைவிடக் கொஞ்சம் குறையலாம். எது கூடினாலும் எது குறைந்தாலும் நடுவில் நிற்கும் மனிதரால் கால் ஊன்ற முடியாது. சுவரைப் பிடித்து ஏறலாம் என்றால் அது வெள்ளமே வழவழப்பாக்கி வைத்த சுவர்.

1997 ஆகஸ்ட் 12 அன்று இது நடந்தது. கீழ் கேன்யனுக்குள் இருந்த 11 சுற்றுலாப் பயணிகள் வெள்ளத்தில் இறந்தார்கள். சிக்கியவர்களில் உயிரோடு வெளியே வந்தது அந்தக் குழுவோடு வந்த வழிகாட்டி ஒருவர் மட்டும். அன்று கேன்யன் இருந்த இடத்தில் சொல்லும்படி மழையே இல்லை. மழை பெய்தது பல மைல் தள்ளி, ஓடையின் மேல்பக்கத்தில். அப்போது உள்ளே இறங்க மரஏணிகள்தான் இருந்தன, வெள்ளம் அவற்றை அடித்துக்கொண்டு போய்விட்டது. இன்று பாறையில் முடுக்கிய இரும்புப் படிகள் இருக்கின்றன. கைடுகள் வானிலை வானொலியைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், மேல்பக்கத்து வானத்தைக் கவனிக்கிறார்கள், சந்தேகம் வந்தால் டூரை நிறுத்துகிறார்கள்.

நமக்கு இது புதிதில்லை. குற்றாலத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே போலீஸ்காரர் வந்து எல்லோரையும் அருவியிலிருந்து விரட்டுவார். மலைக்கு மேலே மழை என்பார். சென்னைக்காரர்களுக்கு அதுகூடத் தேவையில்லை, 2015 டிசம்பர் போதும். சைதாப்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் எத்தனையோ வீடுகளுக்குள் புகுந்தது தலைக்கு மேலே பெய்த மழை இல்லை, மேற்கே செம்பரம்பாக்கத்திலிருந்தும் மற்ற ஏரிகளிலிருந்தும் அடையாற்றில் இறங்கிய தண்ணீர். தண்ணீர் எங்கே பெய்தது என்பதைவிட எந்த வழியாக வரும் என்பதுதான் முக்கியம் என்று அந்த இரவில் நாம் எல்லோரும் கற்றுக்கொண்டோம். கேன்யனிலும் அதே பாடம்தான், வழி மட்டும் ஒரு மீட்டர் அகலம்.

இனி அந்த மூன்றாவது முறை. 2019 ஜூலையில் மகள், மருமகன், பேரன் எல்லோரும் போயிருந்தோம். மதியம் ஒரு மணி டூர். வானம் நீலமாக இருந்தது. தெற்கே மட்டும் வெகு தூரத்தில் ஒரு கருத்த மேகம், அது எங்களோடு சம்பந்தப்பட்டதாகவே தெரியவில்லை. கைடு ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி. எங்களை வரிசையில் நிற்கவைத்துப் பெயர் சரிபார்த்துக்கொண்டிருந்தவர், வானொலியில் ஏதோ கேட்டார், இரண்டு நிமிடம் தள்ளிப்போய்ப் பேசினார், திரும்பி வந்து இன்று டூர் இல்லை என்றார். வரிசையில் இருந்த சிலர் சத்தம் போட்டார்கள். ஒரு சொட்டு மழை இல்லை, ஐந்து மணி நேரம் வண்டி ஓட்டி வந்திருக்கிறோம், பாதி தூரமாவது காட்டுங்கள் என்றெல்லாம் கேட்டார்கள். அவர் குரலை உயர்த்தவே இல்லை. முடியாது என்பதை நான்கைந்து தடவை ஒரே மாதிரி சொன்னார். ஒன்றரை மணி நேரம் கழித்து நாங்கள் வண்டியில் சாலையைக் கடக்கும்போது, காலையில் காய்ந்து கிடந்த ஓடையில் காப்பி நிறத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பேரன் அதைப் பார்த்துவிட்டு வழியெல்லாம் பேசவே இல்லை. நான் முப்பது வருடம் வகுப்பில் கரும்பலகையில் வரைந்த படத்தை அன்றுதான் நேரில் பார்த்தேன். அந்த மேகத்தை நானும் பார்த்தேன், ஆனால் அந்த மேகத்தின் தண்ணீர் எந்த ஓடையில் விழும் என்பது எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும். அவர் அங்கேயே ஆடு மேய்த்து வளர்ந்தவர். நீங்கள் பணம் கொடுப்பது அந்த அறிவுக்குத்தான்.

இதில் எது நிச்சயம், எது சந்தேகம் என்று பிரித்துச் சொல்லிவிடுகிறேன். மேல்பக்கத்தில் கனமழை பெய்தால் கேன்யனுக்குத் தண்ணீர் வரும், இது நிச்சயம். குறிப்பிட்ட ஒரு நாளில் வருமா, எத்தனை மணிக்கு வரும் என்பதை முந்தைய நாளே யாராலும் சொல்ல முடியாது. கோடை இடிமழை ஒரு மலையில் கொட்டிவிட்டு அடுத்த மலையைத் தொடாமல் போகும். அங்குள்ள வானிலைத் துறை இரண்டு வகை அறிவிப்பு கொடுக்கும். ஃப்ளாஷ் ஃப்ளட் வாட்ச் என்றால் வெள்ளம் வரச் சாதகமான சூழல் இருக்கிறது என்று பொருள். ஃப்ளாஷ் ஃப்ளட் வார்னிங் என்றால் வெள்ளம் வந்துகொண்டிருக்கிறது அல்லது வரப்போகிறது, உடனே மேட்டுக்குப் போக வேண்டும். மகனின் போனில் இந்த அறிவிப்புகள் வரும்படி வைத்திருக்கச் சொல்லுங்கள். ஆனால் போனில் எதுவும் வரவில்லை என்பதை வைத்து கைடோடு வாதாடாதீர்கள். பருவமழைக் காலத்தில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் கட்டும். அதனால் ஜூலை கடைசியில் போகிறவர்களுக்கு நான் சொல்வது காலை எட்டு ஒன்பது மணி டூர். காலையில் வெள்ளமே வராது என்று இதற்குப் பொருளில்லை. ரத்தாகும் வாய்ப்பு குறைவு, வெயிலும் குறைவு.

காலை என்றதும் உங்கள் மகன் ஒரு கேள்வி கேட்பார். மேலேயிருந்து தூண் மாதிரி வெளிச்சம் இறங்குமே, அந்தப் படம் நடுப்பகலில்தானே கிடைக்கும்? உண்மை. அந்த ஒளித்தூண் முக்கியமாக மேல் கேன்யனில், மார்ச் பிற்பகுதியிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை, சூரியன் உச்சிக்கு வரும் நேரத்தில் மட்டும் விழும். மேகம் மறைத்தால் அதுவும் இல்லை. அந்த நேரத்து டிக்கெட்டுக்கு விலையும் கூட்டமும் அதிகம். என் ரசனையைக் கேட்டால் தூண் இல்லாத வெளிச்சமே அழகு. உள்ளே நேர் வெயில் படுவது குறைவு. மேலே ஒரு சுவரில் பட்ட வெளிச்சம் எதிர்ச் சுவரில் பட்டு, மறுபடி இங்கே பட்டு, இப்படியே கீழே இறங்கும்போது ஒவ்வொரு முறையும் சிவப்பு ஏறிக்கொண்டே வரும். மேலே மஞ்சள், நடுவில் ஆரஞ்சு, கீழே மாந்தளிர் சிவப்பு. நேர் வெயில் சேராமல் வானத்தின் நீல வெளிச்சம் மட்டும் விழும் மூலைகளில் கத்தரிப்பூ நிறம் தெரியும். போனை கைடிடம் கொடுங்கள், எந்த செட்டிங் சரி என்று அவரே மாற்றித் தருவார், எந்த இடத்திலிருந்து எடுக்கலாம் என்பதும் அவருக்கு அத்துப்படி. டிரைபாட், செல்ஃபி ஸ்டிக், பை எதற்கும் அனுமதி இல்லை. ட்ரோனுக்கும் தடை.

இப்போது முட்டிக்கு வருவோம். மேல், கீழ் என்ற பெயரைக் கேட்டு மேல் கேன்யன் என்றால் ஏற வேண்டும், கீழ் என்றால் சுலபம் என்று பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். அந்தப் பெயர்கள் ஓடையின் மேல்பக்கம், கீழ்பக்கம் என்பதைத்தான் குறிக்கின்றன. மேல் கேன்யனுக்கு மணல் ஓடையில் வண்டியில் குலுங்கிக் குலுங்கிக் கூட்டிப்போவார்கள். இறங்கினால் சமதரையில் நடை, அடிப்பக்கம் அகலம், கூரை குறுகல். கோயில் பிரகாரத்திலிருந்து கருவறைப் பக்கம் நுழைவது போல இருக்கும். உள்ளே படி கிடையாது. ஆனால் வெளியே வந்த பிறகு பாறைக்கு வெளிப்பக்கமாகப் படிகளும் சரிவுப் பாதையும் ஏறித் திரும்ப வேண்டியிருக்கும். முட்டி பிரச்சினை என்றால் அந்தப் பாதை எப்படி என்று புக் செய்யும்போதே போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். கீழ் கேன்யன் வேறு மாதிரி. தொடக்கத்திலேயே செங்குத்தான இரும்புப் படியில் இறங்க வேண்டும், உள்ளே இன்னும் சில ஏணிப்படிகள் வரும். மேலே அகலம், காலடி குறுகல். சில இடங்களில் ஒரு காலுக்கு முன் இன்னொரு காலை வைத்து உடம்பைத் திருப்பித்தான் போக முடியும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், நடுவில் திரும்பி வர வழியில்லை. பின்னால் ஆள் வந்துகொண்டே இருப்பார்கள்.

உங்கள் மனைவிக்கு எது சரிப்படும் என்பதற்கு நம் ஊர்ச் சோதனை ஒன்று சொல்கிறேன். ரயிலில் மேல் பெர்த்துக்கு யார் உதவியும் இல்லாமல் ஏறி இறங்க முடிகிறதா? மாமல்லபுரம் கலங்கரை விளக்கத்தின் உச்சியில் வரும் ஒடுங்கிய படிகளில் பயமில்லாமல் இறங்கினாரா? இரண்டுக்கும் ஆம் என்றால் கீழ் கேன்யன் முடியும். தயக்கம் இருந்தால் மேல் கேன்யனே போதும், அழகில் குறைவில்லை. நான் கல்லைப் படித்தவன், எலும்பைப் படித்தவன் இல்லை. ஊசி போட்ட முட்டியா, ஆபரேஷன் சொன்ன முட்டியா என்பதைப் பொறுத்து உங்கள் ஆர்த்தோ டாக்டர் சொல்வதுதான் முடிவு. கிளம்புவதற்கு இன்னும் சில வாரம் இருக்கிறது. பெசன்ட் நகர் கடற்கரையில் ஈர மணலை விட்டு உலர்ந்த மணலில் தினம் இருபது நிமிடம் இருவரும் நடந்து பாருங்கள். அங்கே நடக்கப்போவதும் அதே மாதிரி கால் புதையும் மணல்தான். செருப்பு வேண்டாம், பிடிப்புள்ள ஷூ. புடவையைவிட சுடிதார் வசதி, படியில் கால் தடுக்காது.

இன்னொரு விஷயம், சென்னைக்காரர்கள் ஏமாறுவது வெயிலில். பேஜ் ஊர் 1,300 மீட்டர் உயரத்தில் இருந்தாலும் ஜூலையில் 36, 37 டிகிரி சாதாரணம். இது என்ன, நம் அக்னி நட்சத்திரத்தைவிடக் குறைவுதானே என்று தோன்றும். ஆனால் இங்கே வியர்வை உடம்பிலேயே நிற்கும், தாகம் எடுக்கிறது என்று தெரியும். அங்கே வியர்வை வந்தவுடன் காய்ந்துவிடும், சட்டை நனையாது, உடம்பு வற்றுவது தெரியாமலே வற்றும். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் குடியுங்கள். உள்ளே கழிப்பறை இல்லை என்பதற்காகப் பெண்கள் தண்ணீர் குடிக்காமல் வருவதை இரண்டு முறையும் பார்த்தேன். டூர் அலுவலகத்தில் கழிப்பறை உண்டு. கிளம்பும்முன் அங்கே போய்விட்டு, கையில் ஒரு பாட்டிலோடு போகலாம். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இந்த விஷயத்தையும் டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

கைடு பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நீங்கள் காசு கொடுத்து அமர்த்திய ஆள் என்று மட்டும் அவரைப் பார்க்காதீர்கள். நீங்கள் அவர் வீட்டுக்கு வந்த விருந்தாளி. நவஹோ மக்கள் தங்களை டினே என்று சொல்லிக்கொள்வார்கள். 1864இல் அமெரிக்க ராணுவம் அவர்களில் ஆயிரக்கணக்கானவர்களை இந்த மண்ணிலிருந்து பிடுங்கி, சுமார் 500 கிலோமீட்டர் நடக்கவைத்து நியூ மெக்சிகோவில் அடைத்தது. வழியிலும் முகாமிலும் நிறையப் பேர் இறந்தார்கள். 1868இல் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு தங்கள் நிலத்துக்கே திரும்பி வந்தார்கள். ஒரு பழங்குடி மக்கள் இப்படித் தங்கள் சொந்த மண்ணுக்கே திரும்ப முடிந்தது அந்த நாட்டு வரலாற்றில் அபூர்வம். அந்த மண்ணைத்தான் அவர் உங்களுக்குக் காட்டுகிறார். அறிமுகம் செய்துகொள்ளும்போது சில கைடுகள் தங்கள் குலத்தைச் சொல்வார்கள். முதலில் அம்மாவின் குலம், பிறகு அப்பாவின் குலம். குலம் அம்மா வழியாக வருகிறது, ஒரே குலத்துக்குள் திருமணம் கிடையாது. கோத்திரமும் குலதெய்வமும் பார்த்து வளர்ந்த நமக்கு இதில் பேச எத்தனையோ இருக்கிறது. என் மனைவி ஒரு கைடிடம் எங்கள் பக்கத்து வழக்கத்தைச் சொன்னபோது அந்த இளைஞர் நின்று கேட்டுவிட்டுத் தன் பாட்டியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். அந்த டூரில் எனக்கு அதிகம் ஞாபகம் இருப்பது அந்தப் பாட்டிதான்.

முதிய நவஹோ மக்கள் கேன்யனுக்குள் நுழையும்முன் சற்று நின்று மனத்தை ஒருநிலைப்படுத்திக்கொண்டுதான் போவார்களாம். நாம் கோபுர வாசலில் நிற்பது போல. அதனால் உள்ளே கத்தக் கூடாது, சுவரில் பெயர் கிறுக்கக் கூடாது, ஞாபகத்துக்கு என்று ஒரு கல்லோ ஒரு பிடி மணலோ எடுத்து வரக் கூடாது. கைடைப் படம் எடுக்க வேண்டுமென்றால் அனுமதி கேட்டு எடுங்கள். டூர் முடிந்ததும் டிப்ஸ் கொடுங்கள். நம்மவர்கள் டிக்கெட்டுக்கே இவ்வளவு கொடுத்தோமே என்று இதை விட்டுவிடுகிறார்கள். அங்கே டிக்கெட் விலையில் 15 முதல் 20 சதவீதம் கொடுப்பது வழக்கம், கைடின் வருமானத்தில் அது பெரிய பங்கு. பட்ஜெட் போடும்போதே அதையும் சேர்த்துப் போட்டுவிடுங்கள்.

நேரக் குழப்பம் ஒன்று உண்டு, அதில் டூரைத் தவறவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அரிசோனாவில் கோடைக்காகக் கடிகாரத்தை மாற்றும் வழக்கம் இல்லை, நவஹோ நேஷனில் உண்டு, பக்கத்து மாநிலமான யூட்டாவிலும் உண்டு. பேஜ் ஊர் யூட்டா எல்லைக்குப் பக்கத்தில் இருப்பதால் போன் தானாக ஒரு மணி நேரம் முன்னே போய் நிற்கும், மறுபடி பின்னே வரும். கேன்யன் டூர்கள் அரிசோனா நேரப்படி, அதாவது ஃபீனிக்ஸ் நேரப்படி நடக்கின்றன. கையில் ஒரு சாதாரண வாட்ச் கட்டிக்கொண்டு அதை ஃபீனிக்ஸ் நேரத்தில் வைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. ஃபீனிக்ஸிலிருந்து பேஜ் சுமார் 440 கிலோமீட்டர், நிற்காமல் போனால் நாலரை மணி நேரம். காலை டூர் என்றால் முந்தின நாளே போய்த் தங்கிவிடுங்கள். விடியற்காலையில் கிளம்பி ஓட்டிக்கொண்டு போவது மகனுக்கும் நல்லதில்லை, உங்கள் மனைவியின் முட்டிக்கும் நல்லதில்லை.

ஒருவேளை அன்று டூர் ரத்தானால் அந்த நாள் வீணாகாது. பக்கத்திலேயே ஹார்ஸ்ஷூ பெண்ட் இருக்கிறது, கொலராடோ ஆறு குதிரை லாடம் மாதிரி வளைந்து போகும் இடம். கார் நிறுத்துமிடத்திலிருந்து போக வர இரண்டரை கிலோமீட்டர் நடை, நிழல் கிடையாது, அதனால் காலையிலோ மாலையிலோ போங்கள். விளிம்பிலிருந்து ஆறு 300 மீட்டர் கீழே. தடுப்புக் கம்பி ஒரு சிறு பகுதிக்குத்தான் உண்டு. ஆந்திராவின் கண்டிக்கோட்டையில் பெண்ணாற்றுப் பள்ளத்தாக்கின் விளிம்பில் நம் பிள்ளைகள் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து படம் எடுப்பார்களே, அந்த வேலை இங்கே வேண்டாம். விளிம்பில் இருப்பதும் அதே மணற்கல், பொரிந்து உதிரும். இடி இடிக்கிறது என்றால் அங்கேயும் நிற்கக் கூடாது, வெட்டவெளியில் மின்னல் ஆபத்து. அப்படிப்பட்ட நேரத்தில் 216 மீட்டர் உயரமுள்ள கிளென் கேன்யன் அணையின் பார்வையாளர் மையத்துக்குள் போய்விடலாம்.

உங்கள் மகனிடம் இப்போதே சொல்ல வேண்டியவை மூன்று. எடுக்கப்போகும் டிக்கெட் மேலா கீழா என்று பார்த்து, கீழ் என்றால் அம்மாவின் முட்டியை நினைத்து மாற்றச் சொல்லுங்கள். வானிலையால் ரத்தானால் பணம் திரும்ப வருமா, அல்லது அடுத்த நாளுக்கு மாற்றுவார்களா என்பதை அந்த நிறுவனத்தின் விதிகளில் படிக்கச் சொல்லுங்கள். முடிந்தால் பேஜில் ஒரு இரவுக்குப் பதில் இரண்டு இரவு தங்க ரூம் போடச் சொல்லுங்கள், முதல் நாள் டூர் இல்லை என்று கைடு சொல்லிவிட்டால் மறுநாள் காலை இன்னொரு முறை போய் நிற்கலாம்.